முகத்தில் பூந்தோட்டம் வளர்க்க நினைத்த சிறுமி



இதைப் படிப்பதற்கு முன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டுத் துணி அலமாரியைத் திறந்து பாருங்கள். ஜிப்பை மறைக்காமல் வெளியே பளிச்செனத் தெரியும்படி வைத்த ஒரு ஜாக்கெட் இருக்கலாம். செய்தித்தாள் எழுத்து அச்சிட்ட டாப்ஸ் இருக்கலாம். பூனை, பழம் என விதவிதமான வடிவங்களில் பட்டன் வைத்த குழந்தைச் சட்டை இருக்கலாம். புடவைக் கடையில் ராணி கலர் என்கிறோமே, அந்தக் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு கட்டாயம் இருக்கும்.

ஒரு காலத்தில் இவற்றையெல்லாம் பெரிய இடத்துப் பெண்கள் உடுத்த மாட்டார்கள். மலிவு, கேலிக்கூத்து, கண்ணை உறுத்துவது என்று ஒதுக்கினார்கள். அவற்றைத் துணிந்து பாரிஸ் நகரத்தின் மிக உயர்ந்த ஆடை மேடையில் ஏற்றிய ஒரு பெண்ணின் வாழ்க்கைதான் இந்தக் காலாண்டின் வாழ்க்கை வரலாறு. அவர் பெயர் எல்சா ஸ்கியாபரெல்லி. வேடிக்கை என்னவென்றால், அவருக்குத் தையல் தெரியாது.

ரோமில் ஒரு மாளிகை

எல்சா 1890 செப்டம்பர் 10 அன்று இத்தாலியின் ரோம் நகரில், கொர்சினி மாளிகையில் பிறந்தார். படித்தவர்களின் குடும்பம். அப்பா செலஸ்டினோ அரபு மொழி அறிஞர். அந்த மாளிகையில் இருந்த புகழ்பெற்ற அறிவியல் கழகத்தின் நூலகத்தைக் கவனித்து வந்தவர். பெரியப்பா ஜியோவான்னி ஸ்கியாபரெல்லியைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். செவ்வாய்க் கிரகத்தில் கோடு கோடாகக் கால்வாய் போன்றவை தெரிவதாக 1877-இல் சொல்லி உலகத்தையே பேச வைத்த வானியல் அறிஞர் அவர்தான். உறவினர் எர்னஸ்டோ, எகிப்தில் நெஃபர்தாரி அரசியின் கல்லறையைக் கண்டுபிடித்தவர்.

இவ்வளவு அறிவாளிகள் நிறைந்த வீட்டில் எல்சாவுக்குக் கிடைத்த பட்டம் என்ன தெரியுமா? அழகில்லாத பெண். அக்கா பியாட்ரிஸ் நல்ல அழகி. அக்காவைக் காட்டிக் காட்டியே தங்கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார் அம்மா. பெயரிலும் ஒரு வருத்தம் உண்டு. ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண்ணுக்கென்று பெயரே யோசித்து வைக்கவில்லை. கடைசி நேரத்தில் தாதியின் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று எல்சா பின்னாளில் எழுதியிருக்கிறார். கடைசிவரை அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. நண்பர்கள் அவரை ஸ்கியாப் என்றே அழைத்தார்கள்.

அழகில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்ட குழந்தை என்ன செய்யும்? சில பிள்ளைகள் அழும், சில பிள்ளைகள் கண்ணாடியையே பார்க்காது. எல்சா ஒரு திட்டம் போட்டார். தோட்டக்காரரிடம் பூ விதைகளை வாங்கினார். அவற்றைத் தன் தொண்டையிலும் வாயிலும் காதுகளிலும் திணித்துக்கொண்டார். உடம்பின் சூட்டில் விதை சீக்கிரம் முளைக்கும், முகம் முழுக்கப் பூ பூக்கும், அப்புறம் உலகத்தில் தன்னைப்போல் அழகி யாரும் இருக்க முடியாது என்பது அந்தக் குழந்தையின் கணக்கு. மூச்சுத் திணறி, மருத்துவரை அழைத்து விதைகளை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையின் விதையும் இதுதான். உடம்பு இருப்பதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, அதன் மேல் ஒரு கற்பனையை வளர்க்கலாம் என்ற எண்ணம் அப்போதே அவருக்கு வந்துவிட்டது.

அந்த வீட்டில் அவருக்கு ஆறுதலாக இருந்தவர் பெரியப்பா. எல்சாவின் கன்னத்தில் சில மச்சங்கள் இருந்தன. அவை வானத்தில் பெருங்கரடி நட்சத்திரக் கூட்டம் இருக்கும் அதே வரிசையில் அமைந்திருப்பதாக அந்த வானியலாளர் சொன்னார். சப்தரிஷி மண்டலம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் காட்டுவார்களே, அது இந்தக் கூட்டத்தின் ஒரு பகுதிதான். குறை என்று நினைத்த ஒன்றை ஒரு பெரியவர் நட்சத்திரம் என்று சொன்னது அந்தச் சிறுமிக்குள் தங்கிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அதே வடிவத்தில் ஒரு நகை செய்து அணிந்துகொண்டார்.

குண்டூசியில் நின்ற உடை

இருபது வயதை ஒட்டி எல்சா ஒரு கவிதை நூல் வெளியிட்டார். அதில் காதலும் ஆசையும் கொஞ்சம் வெளிப்படையாக இருந்தன. அதிர்ந்துபோன குடும்பம் அவரைச் சுவிட்சர்லாந்தில் ஒரு கன்னியர் மடத்துக்கு அனுப்பியது. அவர் உண்ணாவிரதம் இருந்து வெளியே வந்தார். பிறகு லண்டனில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கிளம்பினார்.

போகும் வழியில் பாரிஸில் ஒரு நடன விருந்துக்கு அழைப்பு வந்தது. போட்டுக்கொள்ள உடை இல்லை. கடைக்குப் போய்க் கருநீலத் துணி சில கஜம் வாங்கி, உடம்பைச் சுற்றி, கால்களுக்கு நடுவே கொடுத்து இழுத்து, குண்டூசியால் குத்திக்கொண்டு போனார். ஏறக்குறைய நம் பஞ்சகச்சம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாம் முடிந்து சொருகுகிற இடத்தில் அவர் ஊசியை நம்பினார். ஆடத் தொடங்கியதும் ஊசிகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. கூட ஆடியவர் அவரை எப்படியோ வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்ததால் மானம் பிழைத்தது. அவர் உருவாக்கிய முதல் உடை இதுதான்.

லண்டனில் தியாசபி பற்றிய ஒரு சொற்பொழிவுக்குப் போனார். நம் சென்னை அடையாற்றில் தலைமையகம் கொண்டிருக்கும் அதே பிரம்மஞான இயக்கத்தின் கருத்துகள் அன்று ஐரோப்பாவில் நாகரிகமாக இருந்தன. பேசியவர் வில்லியம் தெ கெர்லோர். கேட்கப் போன எல்சா மறுநாளே அவருக்கு நிச்சயமானார். 1914-இல் திருமணம். மாப்பிள்ளை ஆன்மிகம் பேசுவார், கைரேகை பார்ப்பார், எதிர்காலம் சொல்வார், ஆனால் நிலையான வருமானம் கிடையாது. குறி சொல்வது அன்று இங்கிலாந்தில் சட்டப்படி குற்றம் என்பதால் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார். 1916-இல் இருவரும் நியூயார்க் போனார்கள். 1920-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன் நீளமான பெயருக்குள் ராதா என்ற நம் ஊர்ப் பெயரும் உண்டு. செல்லப் பெயர் கோகோ.

குழந்தை பிறந்த காலத்திலேயே கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நாளில் குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. அந்நிய நாடு, கையில் பணமில்லை, நடக்க முடியாத குழந்தை. எல்சாவுக்கு அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. எந்தத் தொழிலும் தெரியாது.

அந்த நேரத்தில் கைகொடுத்தவர், கப்பல் பயணத்தில் பழக்கமான கேப்ரியேல் பிக்காபியா. அவர் கணவர் ஓர் ஓவியர். அவர்கள் வழியாக மார்செல் துஷாம், மான் ரே போன்ற விசித்திரமான கலைஞர்களின் கூட்டம் எல்சாவுக்கு அறிமுகமானது. 1922-இல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாரிஸ் வந்து சேர்ந்தார்.

குடியிருப்பிலிருந்து தொடங்கிய தொழில்

ஒருநாள் வசதியான தோழியுடன் துணைக்குப் போனார். போன இடம் அன்றைய பெரிய ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரேயின் கடை. தோழி உடைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, எல்சா அங்கிருந்த ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்து மெய்மறந்து நின்றார். வாங்கக் காசில்லை. அதைக் கவனித்த புவாரே கோட்டை அவருக்கே கொடுத்துவிட்டார். இந்தப் பெண்ணுக்கு உடை அணியத் தெரிகிறது என்பதைக் கண்டுகொண்டு ஊக்கம் கொடுத்த முதல் ஆள் அவர்தான்.

1927-இல் நடந்தது இது. தோழி ஒருத்தி அணிந்திருந்த ஸ்வெட்டர் எல்சாவின் கண்ணில் பட்டது. சாதாரண ஸ்வெட்டர்போல் தொளதொளவென்று தொங்காமல் விறைப்பாக நின்றது. விசாரித்தார். பின்னியவர் பாரிஸில் குடியேறியிருந்த ஆர்மீனியப் பெண். கறுப்பு நூலுக்குப் பின்னால் வெள்ளை நூலை ஓடவிட்டு, சில கண்ணிகளுக்கு ஒருமுறை அதைக் கோத்துப் பின்னுவது அவர் முறை. துணி இரட்டைக் கனமாகி வடிவம் கெடாமல் நிற்கும். கறுப்பில் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளி தெரியும்.

எல்சா ஒரு காகிதத்தில் குழந்தை படம் போடுவதுபோல் ஒரு ஸ்வெட்டரை வரைந்தார். கழுத்தில் பட்டாம்பூச்சிபோல முடிச்சுப் போட்ட பெரிய வெள்ளை ரிப்பன். ஆனால் ரிப்பன் கிடையாது. அது பின்னலிலேயே வரும் படம். தூரத்தில் பார்த்தால் ரிப்பன் கட்டியிருப்பதாகத் தோன்றும், கிட்டே வந்தால் ஏமாந்துபோவோம். முதல் இரண்டு முயற்சிகள் சரியாக வரவில்லை. மூன்றாவது வந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு மதிய விருந்துக்குப் போனார். விருந்திலிருந்த பெண்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். நியூயார்க் கடை ஒன்றின் கொள்முதல் பிரதிநிதி நாற்பது ஸ்வெட்டர், நாற்பது பாவாடை, இரண்டே வாரத்தில் வேண்டும் என்றார். பாவாடைக்கு எல்சாவிடம் மாதிரிகூட இல்லை. ஆனாலும் சரி என்றார். பாரிஸில் இருந்த ஆர்மீனியப் பின்னல்காரர்களைத் தேடிப் பிடித்து வேலை முடிந்தது.

நம் வளாகத்தில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர்களும், பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது புரியும். எல்சாவின் தொழிலும் அவர் குடியிருந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது. கொஞ்ச நாளில் நகரின் மையத்தில் கடை. 1935-இல் பாரிஸின் மிக ஆடம்பரமான வாந்தோம் சதுக்கத்தில், 21-ஆம் எண் கட்டடத்தில் 98 அறைகள். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் 'டைம்' இதழ் அவரை அட்டையில் போட்டது. அந்த அட்டையில் இடம்பிடித்த முதல் பெண் ஆடை வடிவமைப்பாளர் அவர்.

கனவை உடுத்தியவர்கள்

இந்த இடத்தில் சர்ரியலிசம் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1924-இல் பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் என்ற கவிஞர் அறிக்கை வெளியிட்டுத் தொடங்கிய கலை இயக்கம் இது. கனவில் சம்பந்தமில்லாத இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன அல்லவா? செத்துப்போன தாத்தா நம் அலுவலக லிஃப்டில் நிற்பார். நமக்கும் அது விநோதமாகப் படாது. அந்தக் கனவின் தர்க்கத்தைப் பட்டப்பகலில் ஓவியத்திலும் எழுத்திலும் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. உருகி வழியும் கடிகாரங்களை வரைந்த சால்வதோர் டாலியை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஓவியத்தைச் சுவரில் மாட்டுவார்கள். எல்சா அதை உடம்பில் மாட்டினார். 1936-இல் டாலியுடன் சேர்ந்து மேஜைபோல ஒரு கோட் செய்தார். மேலிருந்து கீழ்வரை இழுப்பறைகள், ஒவ்வொன்றுக்கும் கைப்பிடிக் குமிழ். சில உண்மையான பாக்கெட்டுகள், சில வெறும் தோற்றம். மனித மனத்தில் திறக்கப்படாத இழுப்பறைகள் எத்தனையோ இருக்கின்றன என்பது டாலியின் ஓவியங்களில் வரும் எண்ணம். அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் தெருவில் நடக்கலாம் என்று ஆக்கியது எல்சா.

1937-இல் வெள்ளைப் பட்டில் ஒரு நீள கவுன். அதன் பாவாடையில் பெரிய சிவப்புச் சிங்கி இறால். சுற்றிலும் பச்சைக் கீரைத் துணுக்குகள், சாப்பாட்டு மேஜைக்கு வந்ததுபோல. அதன் மேல் நிஜமான மயோனைஸைத் தடவ வேண்டும் என்று டாலி அடம்பிடித்ததாகவும், எல்சா மறுத்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்ட் எந்தப் பெண்ணுக்காக முடியைத் துறந்தாரோ, அந்த வாலிஸ் சிம்ப்சன் திருமணத்துக்குச் சற்று முன் இந்த உடையில் படம் எடுத்துக்கொண்டார். படம் வந்த 'வோக்' இதழை உலகமே பார்த்தது.

அடுத்தது செருப்புத் தொப்பி. மனைவியின் ஷூவைத் தலையில் வைத்து டாலி வேடிக்கையாக எடுத்துக்கொண்ட ஒரு படத்திலிருந்து பிறந்தது. குதிகால் வானத்தைப் பார்க்க, முனை நெற்றியை நோக்கி வளைய, ஒரு ஷூவைக் கவிழ்த்துத் தலையில் வைத்தாற்போல் இருக்கும். காலில் கிடப்பதைத் தலையில் வைத்தால் நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாரிஸிலும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். ஆனாலும் துணிந்தவர்கள் வாங்கிப் போட்டார்கள். எல்சாவும் போட்டார்.

1938-இல் வந்த இரண்டு உடைகள் வேடிக்கையைத் தாண்டியவை. ஒன்று எலும்புக்கூட்டு உடை. இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே பஞ்சைத் திணித்துத் தைத்து, விலா எலும்பு, முதுகுத்தண்டு, இடுப்பு, கால் எலும்பு எல்லாம் கறுப்புத் துணியின் மேல் புடைத்துத் தெரியும்படி செய்தது. மற்றொன்று கிழிசல் உடை. வெளிர்நிற மாலை உடையில் தோலைக் கிழித்துத் தொங்கவிட்டதுபோல் ஆங்காங்கே படம் அச்சிட்டிருக்கும், உள்ளே சதைபோல் சிவப்பு. தலையில் போடும் முக்காட்டில் மட்டும் உண்மையாகவே கிழிசல்கள். டாலியின் தாய்நாடான ஸ்பெயினில் அப்போது உள்நாட்டுப் போர். ஐரோப்பா முழுவதும் அடுத்த போரை எதிர்பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. விருந்து மண்டபத்துக்குள் ஒரு பெண் கிழிந்த உடலோடு நடந்து வருவதுபோல் அந்த உடை. அழகாக உடுத்துவதே கடமை என்றிருந்த உலகத்தில், உடை பயத்தையும் பேசலாம் என்று காட்டியது அது. இந்த இரண்டும் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

டாலி மட்டும் இல்லை. கவிஞர் ழான் கொக்தோ ஒரு கோட்டின் முதுகுக்குப் படம் போட்டுக் கொடுத்தார். இரண்டு முகங்கள் எதிரெதிரே பார்க்கும். நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தால் பூச்சாடி தெரியும். அதைத் துணியில் கொண்டுவந்தது லெசாஜ் என்ற பூவேலைக் குடும்பத்தின் பட்டறை. சிற்பி ஜாகோமெத்தி பட்டன் செய்து கொடுத்தார். எழுத்தாளர் எல்சா த்ரியோலே ஆஸ்பிரின் மாத்திரை போன்ற மணிகளைக் கோத்து மாலை செய்தார்.

மெரெட் ஓப்பன்ஹைம் என்ற இளம்பெண் எல்சாவுக்காக விலங்கு ரோமம் ஒட்டிய ஒரு வளையலைச் செய்தார். 1936-இல் ஒரு காப்பிக் கடையில் அதைப் பார்த்த பிக்காசோ, இப்படி எதன் மேல் வேண்டுமானாலும் ரோமத்தை ஒட்டலாமே என்று கேலி செய்தார். ஓப்பன்ஹைம் போய் ஒரு கோப்பை, சாசர், ஸ்பூனை வாங்கி அவற்றுக்கு ரோமம் போர்த்தினார். அந்தக் கோப்பை இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற பொருள்களில் ஒன்று. ஓவியத்திலிருந்து உடைக்குக் கடன் போனதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இங்கே வளையலிலிருந்து கலைக்குக் கடன் போயிருக்கிறது.

இந்தியாவும் அவர் கண்ணில் பட்டது. கபுர்தலா அரச குடும்பத்து மருமகள் சீதா தேவி பாரிஸில் புடவையில் வலம்வந்தபோது, அதன் மடிப்பும் தொங்கலும் எல்சாவைக் கவர்ந்தன. 1935-இல் புடவைச் சாயலில் மாலை உடைகள் வந்தன. 1937-இல் அவர் தன் வாசனைத் திரவியத்துக்கு 'ஷாக்கிங்' என்று பெயர் வைத்தார். புட்டி ஒரு பெண்ணின் உடல் வடிவில் இருந்தது. நடிகை மே வெஸ்ட் உடை தைக்க அளவுக்காக அனுப்பிய உருவத்தைப் பார்த்து, ஓவியர் லியோனோர் ஃபினி வடிவமைத்தது. அதன் பெட்டிக்கு வைத்த நிறம்தான் நாம் முதலில் சொன்ன ராணி கலருக்கு நெருங்கிய சொந்தமான ஷாக்கிங் பிங்க்.

1938-39 குளிர்காலத் தொகுப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட கரு ராசி மண்டலம். கருநீல வெல்வெட்டில் ராசிகளும் கோள்களும் நட்சத்திரங்களும் ஜரிகையில் மின்னின. கன்னத்து மச்சத்தை நட்சத்திரம் என்று சொன்ன பெரியப்பாவுக்கு இதைவிட நல்ல நன்றி வேறு என்ன இருக்க முடியும்?

போரும் அதற்குப் பிறகும்

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த உடைகள் பெரும் பணக்காரர்களுக்கானவை. உலகம் முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த பத்தாண்டில் அவை விற்றன. அதை எல்சாவும் அறியாதவர் இல்லை. போர் தொடங்கியதும் அவர் செய்த உடைகளில் பெரிய பெரிய பாக்கெட்டுகள் வந்தன. சைரன் ஒலித்தால் கைப்பையைத் தேடாமல் சாவி, பணம், காகிதம் எல்லாவற்றோடும் பதுங்கு குழிக்கு ஓடலாம். முன்பு இழுப்பறைக் கோட்டில் வேடிக்கையாக இருந்த பாக்கெட் இப்போது உயிர்காக்கும் பொருளாயிற்று.

1941-இல் அவர் நியூயார்க் போனார். அங்கே கடை திறந்திருந்தால் நன்றாக ஓடியிருக்கும். திறக்கவில்லை. பாரிஸில் தன் பட்டறைப் பெண்கள் கஷ்டப்படும்போது இங்கே உடை விற்பது சரியில்லை என்று நினைத்தார். செவிலியர் உதவியாளர் பயிற்சி எடுத்து மருத்துவமனையில் வேலை செய்தார். 1942-இல் பிரெஞ்சு மக்களுக்கான நிவாரண நிதிக்கு அங்கே ஒரு சர்ரியலிசக் கண்காட்சி நடக்க முன்னின்றார். பிரெத்தோன் ஓவியங்களைத் தேர்ந்தெடுத்தார். துஷாம் கூடம் முழுக்க நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிச் சிலந்தி வலைபோல் ஆக்கிவிட்டார்.

1945-இல் பாரிஸ் திரும்பியபோது உலகம் மாறியிருந்தது. 1947-இல் கிறிஸ்டியன் டியோர் இடை சிறுத்து, பாவாடை அகன்ற புதுப் பாணியைக் கொண்டுவந்தார். போரில் களைத்த பெண்களுக்கு அந்த மென்மையான அழகு தேவைப்பட்டது. எலும்புக்கூட்டை உண்மையிலேயே பார்த்துவிட்டவர்களுக்கு எலும்புக்கூட்டு உடை தேவைப்படவில்லை. பிற்காலத்தில் பெரும் பெயர் எடுத்த ஜிவான்ஷி அப்போது எல்சாவின் கடையில் வேலை பார்த்த இளைஞர். கடன் ஏறியது. 1954-இல் கடையை மூடினார். அதே ஆண்டில்தான் அவருடைய நெடுநாள் போட்டியாளர் கோகோ ஷனெல், பதினைந்து ஆண்டுகளாக மூடிக்கிடந்த தன் கடையை மறுபடி திறந்தார். ஷனெல் பெயரை நம் வீட்டுக் குழந்தைகளும் சொல்லும். ஸ்கியாபரெல்லியின் பெயர் மெல்ல மறைந்தது.

எல்சா தன் சுயசரிதையை எழுதினார். பேத்திகள் மரிஸா, பெர்ரி இருவரும் வளர்வதைப் பார்த்தார். மரிஸா பெரென்சன் பிற்பாடு திரைப்பட நடிகை ஆனார். 1969-இல் தன் உடைகள் பலவற்றைப் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1973 நவம்பர் 13 அன்று பாரிஸில், 83-ஆம் வயதில் காலமானார்.

இன்று உங்கள் போன் திரையில்

உண்மையில் அவர் போய்விடவில்லை. வடிவமைப்பாளர்கள் திரும்பத் திரும்ப அவரிடமே வருகிறார்கள். 1998-இல் அலெக்சாண்டர் மெக்வீனின் மேடைக்கு நகைக் கலைஞர் ஷான் லீன் உலோகத்தில் முதுகெலும்பும் விலாவும் செய்தார். 2011-இல் நெதர்லாந்தின் இரிஸ் வான் ஹெர்பன் முப்பரிமாண அச்சில் எலும்புக்கூட்டு உடை ஒன்றை உருவாக்கினார். பெண் உடல் வடிவ வாசனைப் புட்டியை இன்று விமான நிலையக் கடைகளில் ழான் பால் கோத்தியே பெயரில் பார்க்கலாம்.

அவர் கடையும் அதே வாந்தோம் சதுக்கத்தில் மறுபடி திறந்தது. 2019 முதல் அதன் வடிவமைப்பாளர் டேனியல் ரோஸ்பெரி. 2021-இல் அமெரிக்க அதிபர் பதவியேற்பில் லேடி காகா பாடியபோது நெஞ்சில் ஒரு பெரிய பொன்னிறப் புறா இருந்தது. அது இந்தக் கடையின் வேலை. அதே ஆண்டு கான் திரைப்பட விழாவில் பெல்லா ஹடீத் அணிந்த, நுரையீரல் கிளைபோலப் பரவிய பொன் அணியும் இங்கிருந்து வந்ததுதான். கொரோனாவில் உலகம் மூச்சுக்குத் தவித்த காலத்தில் நுரையீரலை நகையாக அணிவது என்ன பொருள் தரும் என்று யோசித்துப் பாருங்கள். 1938-இன் கிழிசல் உடைக்கு அது நேர் வாரிசு.

இத்தனையும் எங்கே தொடங்கியது? அக்காவோடு ஒப்பிடப்பட்ட ஒரு குழந்தையிடம். அம்மாவின் பேச்சு அவரை விதையை விழுங்க வைத்தது. பெரியப்பாவின் பேச்சு கன்னத்தில் நட்சத்திரத்தைக் காட்டியது. இரண்டுமே ஒரே வீட்டில், ஒரே குழந்தையிடம் சொன்னவை. எல்சா பிழைத்துக்கொண்டார். எல்லாக் குழந்தைகளும் அப்படிப் பிழைத்துக்கொள்வதில்லை.

அடுத்த முறை லிஃப்டில் ஒரு குழந்தை ஏறும்போது, கறுத்துவிட்டாயே, இளைத்துவிட்டாயே, அக்கா மாதிரி இல்லையே என்று நம் வாயில் வந்தால், அதை அப்படியே விழுங்கிவிடுவோம். அது கையால் செய்த காகிதக் கிரீடத்தையோ, இடம் மாறிப் போட்ட பட்டனையோ பார்த்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வோம். நட்சத்திரம் எந்தக் கன்னத்தில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?